ஜிகினாவை நம்பிய கம்ப்யூட்டர்

2004, ஆயுத பூசைக்கு மறுநாள்

பூசைக்குக் கட்டிய வாழைக்கன்றை ஆட்டுக்குப் போடாமல், பஞ்சைப் பேலாக, அதாவது பொதியாக, அமுக்கும் புது மெஷினுக்குக் கொடுப்பதென இன்று நெடிய யோசனைக்குப் பின் முடிவெடுத்தேன். தேனி மில்லின் வரலாறு இதை மறக்காது.

மெஷினை நடத்துவது கம்ப்யூட்டர். அதன் கண்ணிலிருந்து போகும் ஒளி எதிர்ப்பக்கக் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் உள்ளே ஒன்றுமில்லை என்று கணக்கு. கை மறித்தால் நின்றுவிடும். மெஷின் வாயில் ஒட்டும் பஞ்சைக் கையால் தள்ளுவது மாரியம்மாளின் வேலை.

"தைரியமா கைய விடச் சொல்லுங்க சார், புரோகிராம் பாத்துக்கும்," என்றார் கோயம்புத்தூர் இன்ஜினியர்.

"மொதல்ல வாழை போகட்டும்," என்றேன்.

"ஏத்தா, சூப்பர்வைசர் பலி குடுக்காக, கும்பிட்டுக்கங்க!" என்று மாரியம்மாள் சிரித்தாள்.

வாழை கூழானது. இன்ஜினியர் குனிந்து மெஷினின் கண்ணைச் சோதித்தார்.

நேற்று கண்ணுக்கு நேர் முன்னே நாங்கள் பக்தியோடு கட்டிய ஜிகினாத் தோரணம் ஒளியைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. கம்ப்யூட்டரும் நம்பிவிட்டது. இந்த ஜில்லாவில் அதை வென்ற முதல் ஆள் நான்தான்.

தோரணத்தை அவிழ்த்து இன்னொரு கன்றை வைத்தோம். மெஷின் நின்றது.

மில் சங்கு ஊதியதும் மாரியம்மாள் கூந்தலை உதறி, இரண்டு கையாலும் கொண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.