மூலை வீட்டு நடைபாதை

செப்டம்பர் 14

வெங்காயம் வதங்குகிற நேரம் பார்த்துத்தான் காலிங் பெல் அடிப்பார்கள். இன்றைக்கு எதிர்வீட்டு ஜம்புநாதன் சார். கையில் கிளிப்போர்டு, முகத்தில் தேர்தலில் நிற்பவரின் களை.

எங்கள் தெருவுக்கு டவுன்ஷிப்பில், அதாவது இந்த ஊர் நகராட்சியில், நடைபாதை போடப்போகிறார்களாம். மழைநீர் வடிகால், ஓரக்கல் எல்லாம் சேர்த்து. பாதிச் செலவு அவர்களுடையது, மீதி வீட்டுக்காரர்கள் தலையில். எந்த வீடு தெருவோரம் எவ்வளவு நீளமோ அந்தக் கணக்குப்படி. எங்களுடையது மூலை வீடு. இரண்டு பக்கமும் தெரு.

"பாய், உங்களுக்குத்தான் டபுள் அடி. ஆனா நீங்க ஒருத்தர் சைன் பண்ணா போதும், ப்ராஜெக்ட்டே ட்ராப் ஆயிடும்" என்றார். மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் ஆட்சேபம் வந்தால் திட்டம் நின்றுவிடும் என்பது விதியாம். எங்கள் வீடு சேர்ந்தால் பாதியைத் தாண்டிவிடும்.

என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார். எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? யோசித்து முடித்துவிட்டவரின் குரல் அது.

வெங்காயம் கருகிவிட்டது.

செப்டம்பர் 15

கையெழுத்துப் போடமாட்டாராம். பிரீத்திக்காக.

மூன்று வீடு தள்ளியிருக்கும் பெண். போன ஜனவரியில் பனியை வழித்து ஓரமெல்லாம் குவித்துவிட்டதால் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி நடுரோட்டில் நடந்து வந்தாள். வளைவில் திரும்பிய கார் அடித்துவிட்டது. தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். இன்னமும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். அன்றைக்கு முதலில் ஓடியது இவர்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை பனியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் புள்ள கை என் கையிலதான் இருந்துச்சு, ஷம்சாத். சைடுவாக் வேணாம்னு நான் எப்படிக் கையெழுத்து போடுவேன்?"

சரியாகத்தான் சொல்கிறார். அதுதான் கோபமாக வருகிறது.

அக்டோபர் 9

டவுன்ஷிப் கூட்டம். ஒருவருக்கு மூன்று நிமிடம். ஜம்புநாதன் சார் படம் போட்டுப் பேசினார். ஒரு வெள்ளைக்காரக் கிழவி பென்ஷனில் இருப்பதாகச் சொல்லி அழுதாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: நடைபாதை வந்தால் உங்கள் வீட்டின் மதிப்பு ஏறும்.

இவர் முறை வந்தது. நடைபாதை வேண்டும் என்றே ஆரம்பித்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பெருமூச்சு விட்டார். "ஆனால் மூலை வீடு என்பதற்காக இரண்டு பக்கத்துக்கும் முழுசாகப் போடுவது நியாயமா? நான் வீட்டை விற்கப்போவதில்லை. விற்காத வீட்டுக்கு விலை ஏறி எனக்கு என்ன?" என்று ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். எழுத்தில் மனு கொடுங்கள், பார்க்கிறோம் என்றார்கள். கொடுத்திருக்கிறோம்.

திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது.

பார்க்கிங்கில் ஜம்புநாதன் சார் காரைத் திறந்தபடி, "உங்க ஒரு சைன் பாய். ஒரே ஒரு சைன்" என்றார். அவர் மனைவி ருக்மிணி எங்களைப் பார்த்தாள், உடனே கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 1

நேற்று தீபாவளி. ருக்மிணி வீட்டிலிருந்து தேங்குழல் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு இதுதான் முதல் தடவை.

நவம்பர் 19

இவருக்காகச் சிறுநீரக டாக்டரிடம் போனோம். படம் வரைந்து காட்டினார். இரண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு கிட்னியின் வேலையில் பாதிகூடச் செய்யவில்லை.

இவர் கேட்ட ஒரே கேள்வி, ஹஜ்ஜுக்குப் போகலாமா என்பதுதான். டாக்டர் எகிப்துக்காரர், கேள்வி புரிந்தது. வருகிற ஜூனில் போய்விடுங்கள், அதற்கடுத்த வருஷத்துக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டால் அந்த வெயிலிலும் கூட்டத்திலும் முடியாதாம்.

பணம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் சரியாக இருக்கிறது. வீடு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு அதற்கென்றே சேர்த்தது. திரும்பி வரும்போது காரில் சிரித்துக்கொண்டே வந்தார். கிட்னி போய்விட்டது என்று சொல்லி அனுப்பிய மனுஷன் மாதிரியா இருந்தார்!

டிசம்பர் 6

டவுன்ஷிப்பிலிருந்து பில் வந்துவிட்டது. எங்கள் ஹஜ் கணக்கை யாரோ எட்டிப் பார்த்துவிட்டுத் தொகை போட்டாற்போல, கிட்டத்தட்ட அதே பணம்.

இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். பிப்ரவரிக்குள் மொத்தமாகக் கட்டினால் வட்டி இல்லை. இல்லாவிட்டால் பத்து வருஷத் தவணை, வட்டியோடு.

வட்டி மார்க்கத்தில் கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டாலே இவர் கதவைச் சாத்திவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் மார்ட்கேஜில் வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது நாங்கள் அபார்ட்மென்ட்டில் மேல்வீட்டுக்காரனின் டிரெட்மில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தோம். தலை நரைத்த பிறகு, முழுப் பணமும் கொடுத்து, பாசி பிடித்த இந்த வீட்டை வாங்கினார். மூலை வீடாகத் தேடி வாங்கியதும் அவர்தான். பெருநாளைக்கு வருகிறவர்கள் இரண்டு பக்கமும் கார் நிறுத்தலாமாம்.

மகன் ஆகிப் டெக்சாஸிலிருந்து பேசினான். "வாப்பா, இட்ஸ் பேஸிக்கலி அ டாக்ஸ். இட்ஸ் நாட் ஈவன் அ லோன்." வேலை போய் ஆறு மாதமாக வீட்டில் இருக்கும் பிள்ளை, வேறென்ன சொல்வான்.

"பேர மாத்திட்டா வட்டி வட்டி இல்லாம போயிடுமாடா?" என்றார் இவர்.

பள்ளிவாசலில் வட்டியில்லாக் கடன் கேட்கலாமே என்றேன். கடன் வாங்கிப் போகிற ஹஜ் கடமையே இல்லையாம்.

ஆக, நடைபாதை. இல்லை, ஹஜ். இரண்டில் ஒன்று.

டிசம்பர் 8

"கட்டிடலாம் ஷம்சாத். நமக்கு இன்னும் அழைப்பு வரல போல." பல் தேய்த்துக்கொண்டே சொல்கிறார்! நான் பாத்திரத்தைப் போட்ட சத்தத்தில் ஸ்மோக் அலாரமே அடித்திருக்கும்.

ஜனவரி 22

போட்டுட்டேன். கையெழுத்துப் போட்டுட்டேன். பத்து வருஷத் தவணைக்கு.

டேகேர் வேலை முடிந்து நேராக டவுன்ஷிப் ஆபீஸ். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் ஒருவர் கையெழுத்துப் போதுமாம். எங்கள் மனு தள்ளுபடியாகிவிட்டதையும் அங்கேதான் சொன்னார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் எனக்குப் பேனா கொடுத்து, ஹாவ் எ குட் ஒன் என்றாள்.

வீட்டுக்கு வந்து என்ன சொன்னேன்? மனுவை ஏற்றுக்கொண்டார்கள், ஒரு பக்கம் முழுவதும் தள்ளுபடி, இன்னொரு பக்கத்தை என் சம்பளச் சேமிப்பில் கட்டிவிட்டேன் என்றேன். தபால் பார்ப்பது எப்போதும் நான்தான். அவர் கேள்வியே கேட்கவில்லை. எழுந்து போய்க் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து இரண்டு ரக்அத் தொழுதார், நன்றிக்காக.

நான் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டேன். அல்லாவே, அந்த மனுஷன் நெத்திய தரையில வச்சு எதுக்கு நன்றி சொல்றார்னு உனக்குத் தெரியுமே.

பாவத்தை என் தலையில் எழுது. அவர் தலையில் எழுதாதே. என் கணக்கு இதுதான். சரியா தப்பா என்று பிறகு பார்க்கலாம், அவர் போய் வரட்டும்.

பிப்ரவரி 11

புக் ஆகிவிட்டது. மே 27 விமானம்.

ஹஜ்ஜுக்கு உடுத்துகிற இஹ்ராம் துணி வந்தது. தைக்காத இரண்டு வெள்ளைத் துண்டு, அவ்வளவுதான். ஹாலில் கட்டிப் பார்த்தார். இடுப்பில் நிற்கவில்லை. "இறுக்கிக் கட்டுங்க, அங்க போயி என் மானத்த வாங்காதீங்க" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "கடைசிப் பயணத்துக்கும் இப்படித்தான் உடுத்துவாங்கல்ல" என்றார். வாயை மூடுங்கள் என்றேன்.

மார்ச் 17

நோன்புக் காலம். இவரை டாக்டர் நோன்பு வைக்க விடவில்லை, நான் மட்டும் வைக்கிறேன். துஆவுக்குக் கை ஏந்தினால் கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை. முதல் தவணை போன வாரம் கட்டினேன்.

ஏப்ரல் 23

புல்லில் ஆரஞ்சு நிறத்தில் கோடு போட்டிருந்தார்கள், இன்றைக்குத் தோண்டுகிற வண்டி வந்துவிட்டது. மூலையில் இருந்த மேப்பிள் மரத்தை வெட்டிப் பொடியாக்கி லாரியில் ஊதிக்கொண்டு போனார்கள். அரை மணிநேரம்கூட ஆகவில்லை.

மே 17

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பவேண்டும். யார் மனதிலும் குறை வைத்துவிட்டுப் போகக்கூடாது. பழைய ஆபீஸ் நண்பர்களுக்குப் போன வாரமே ஃபோன் பண்ணி முடித்துவிட்டார். இன்று தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனார். எதிர்வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜம்புநாதன் சார் கதவைத் திறந்தார். இவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவர் அப்படியே இவரைக் கட்டிக்கொண்டார். ருக்மிணி கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அக்டோபரிலிருந்து இருந்த பாரம் இறங்கியது, இன்று ஒரு நல்ல காரியம் நடந்தது என்று நினைத்தேன்.

வந்தார். ஷூவைக் கழற்றவில்லை.

"ஜம்புநாதன் சார் சொல்றாரு, 'மன்னிப்பு நான்தான் கேக்கணும் பாய். நீங்களும் எங்கள மாதிரி பத்து வருஷ ப்ளான்லதானே இருக்கீங்க, லிஸ்ட்ல பார்த்தேன். ஒரே படகு. நமக்குள்ள என்ன சண்டை'ன்னு."

நான் ஜன்னல் திரையை இழுத்துச் சரிசெய்ய ஆரம்பித்தேன். அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவார் என்று நின்றேன். தோண்டிப் போட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஊரெல்லாம் போயி மன்னிப்பு கேட்டேன். உங்கிட்ட கேக்கலியே. நான் ஹஜ்ஜு ஹஜ்ஜுன்னு ஆசப்பட்டதாலதான நீ இப்படிச் செஞ்ச. என்ன மன்னிச்சிரு ஷம்சாத்."

திட்டியிருக்கலாம்ல? தட்டத் தூக்கி எறிஞ்சிருக்கலாம்ல? மன்னிப்புக் கேட்டுட்டாரே பாவி மனுஷன். எங்கிட்ட!

மே 18

"வட்டிக்குக் கையெழுத்த போட்டு வச்சுக்கிட்டு அங்க போயி எப்படிம்மா நிப்பேன்?"

அழுதேன். சண்டை போட்டேன். பாவம் என்னுடையது, நீங்கள் போய் வாருங்கள் என்றேன். தனியாகவாவது போங்கள் என்றேன். ஆகிப் ஃபோனில் கத்தினான். இவர் ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டு அவன் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

கேன்சல் செய்துவிட்டார்.

மே 30

கேன்சலுக்குப் பிடித்தது போகத்தான் ஹஜ் பணம் திரும்பி வந்தது. மீதிக்கு எடிசனில் நகைக்கடையில் என் வளையல்களை விற்றேன். டவுன்ஷிப்புக்கு மொத்தமாகக் கட்டியாயிற்று. அதே கவுன்ட்டர், அதே பெண், அதே ஹாவ் எ குட் ஒன்.

ஜூன் 5

அரஃபா நாள், ஹஜ்ஜின் உச்ச நாள். எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். டிவி போடவில்லை.

ஜூலை 2

எங்கள் வாசலில் சிமெண்ட் ஊற்றினார்கள். இரண்டு பக்கமும்.

நவம்பர் 12

நேற்று டயாலிசிஸ் ஆரம்பம். செவ்வாய், வியாழன், சனி. டாக்டர் ஹஜ்ஜைப் பற்றிக் கேட்கவில்லை.

பிப்ரவரி 3

ஆகிப்புக்கு வேலை கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். "வாப்பா, ஐ வில் டூ இட் ஃபார் யூ" என்றானாம், அவருக்குப் பதிலாக அவன் ஹஜ் செய்கிறானாம். "மொதல்ல உன் கடமைய முடி, அப்புறம் என்னோடது" என்றிருக்கிறார். இரண்டு குழந்தையை வைத்துக்கொண்டு அவன் எப்போது ஒன்றை முடிப்பது, எப்போது இன்னொன்றுக்குப் போவது?

மே 26

இன்று அரஃபா. செவ்வாய்க்கிழமை, ஆகவே டயாலிசிஸும்.

கால் மரத்துப்போவதால் இப்போதெல்லாம் சக்கர நாற்காலிதான். வேன் மூலையில் நிற்கும். அங்கே நடைபாதையைச் சரிவாக இறக்கிவிட்டிருக்கிறார்கள், நாற்காலி குலுங்காமல் இறங்கும். எங்கள் பணத்தில் போட்ட சரிவு. அதற்கு நான் நன்றி சொல்லவேண்டுமா, காறித் துப்பவேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை.

வேனுக்காக நின்றபோது பிரீத்தி பையை மாட்டிக்கொண்டு நடைபாதையில் வந்தாள். சாய்வு கொஞ்சம் குறைந்திருக்கிறது. "ஹாய் அங்கிள்" என்று கையை ஆட்டினாள். அவள் பஸ் ஏறும்வரை இவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஜம்புநாதன் சார் காலை நடையில் எங்களைக் கடந்து போனார். இந்தத் தெருவில் நடைபாதையை அதிகம் தேய்ப்பது அவர்தான்.

"நல்லா வழவழன்னு போட்டிருக்கான்ல" என்றார் இவர்.

"ஆமாங்க."

வேன் கதவு திறக்கும்வரை மெதுவாக அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கூடச் சொன்னேன்.

மாலையில் திரும்பி வந்து படுக்கவைத்த பிறகு, அந்த வெள்ளைத் துணி எங்கே என்று கேட்டார். மேல் அலமாரியில்தான் இருக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்றேன்.

"குடுக்காத. எனக்கு வேணும்."

எடுத்துத் துவைத்து, காயப்போட்டு, மடித்து, கை எட்டுகிற தட்டில் வைத்திருக்கிறேன்.