ஒரு மூச்சு பொறுங்கள்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நேற்று நீ போனில் முகம் காட்டி உன் ஆராய்ச்சியை விளக்கியபோது இங்கே இருந்தவர்கள்: நான், உன் அண்ணன், நம் சின்னவள், மாடிவீட்டுத் தையல்காரம்மா, அவள் மாமியார். ஆக ஐந்து பேர். கடைசிவரை விழித்திருந்தவர்கள் இரண்டு பேர். உன் அண்ணன் அதில் இல்லை.

மொழியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆறு இலக்குகள், ஐந்தை எட்டிவிட்டேன் என்றாய். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியவைப்பது ஆறாவது. அதில் போன வருடம் தவறிவிட்டாய். இந்த முறையும் தவறினால் படிப்பே நின்றுவிடும். கேட்டவர் தன் சொல்லில் எழுதித் தருவதை வைத்துத்தான் மதிப்பீட்டுக் குழு முடிவு செய்யும் என்றும் சொன்னாய்.

கடவுளை வேண்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். 'உரையாடல் முறைமாற்றத்தில் இடைவெளிக் கூறுகள்' என்று உன் தலைப்பை எழுதினேன். அதற்குக் கீழே எழுத ஒன்றுமே வரவில்லை. தையல்காரம்மாவைக் கேட்டால், "உங்க நாத்தனாருக்குக் குரல் நல்லா இருக்குக்கா" என்கிறாள்.

கோபித்துக்கொள்ளாதே. என்ன செய்யட்டும்?

அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

என்ன செய்யட்டும்னா கேக்குறீங்க? இதோடு பத்து வரி எழுதி அனுப்பியிருக்கேன். உங்க கையால அப்படியே பாத்து எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அவ்வளவுதான்! எந்த நாத்தனாராவது அண்ணி காலில் விழுந்து கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் விழறேன்.

வாயாடி

மார்ச் 14

வாயாடிக்கு,

விழுந்தது போதும், எழுந்திரு. காய்காரர் கூடுதலாகப் போட்ட ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட வரவில் எழுதுகிறவள் நான். தினமும் கும்பிடுகிற கையால் புரியாததைப் புரிந்தது என்று எழுத மாட்டேன். உன் பத்து வரியைத் திருப்பி அனுப்புகிறேன்.

ஞாயிறு சாயங்காலம் அதே ஐந்து பேரையும் உட்கார வைக்கிறேன். தாளைப் பார்த்துப் படிக்காதே. எங்களைப் பார்த்துப் பேசு.

அண்ணி

மார்ச் 19

என் தங்கமே,

குழுவுக்கு நான் எழுதியதை உனக்கும் எழுதுகிறேன்:

"ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்குவதற்குள் கண் இமைக்கும் நேரம் ஒரு இடைவெளி உண்டு. அது ஆளுக்கு ஆள் கூடும், குறையும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சின்னது. என் கணவருக்கு மட்டும் பெரியது. நாங்கள் முடித்துவிட்டோமா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தொடங்கிவிடுகிறோம். அவருக்குப் பேச வராது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவருக்கு முறைதான் வரவில்லை."

சரியா?

ஞாயிறன்று விளக்கி முடித்ததும், "எல்லாரும் ஒரு மூச்சு வாயை மூடுங்க, அண்ணன் என்ன சொல்றார்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாதே! அடக்க முடியாமல் தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உன் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு அந்தப் பச்சைத் திரைச்சீலை பிடிக்கல."

"மாட்டி ஆறு வருஷம் ஆச்சு, இப்பச் சொல்றீங்க!"

"இப்பத்தானே விட்டீங்க."

மாமியார்க் கிழவி சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது. அது அடங்கியதும் நாங்கள் மறுபடி ஒரு மூச்சு பொறுத்தோம். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சிப் பாப்பாவ நெனச்சா பெருமையா இருக்கு" என்றார். யாரும் இடையில் பேசவில்லை.

அண்ணி

ஏப்ரல் 11

என் அண்ணிக்கு,

ஆறாவது இலக்கு: எட்டப்பட்டது! உங்க தாளைக் குழுத் தலைவர் சத்தமா வாசிச்சார். முடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சு, உடனே எல்லாரும் நிறுத்திட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. எனக்கு எழுதின கடிதத்தோட கடைசிப் பக்கத்தை மட்டும் நான் யாருக்கும் காட்டலை. அது எனக்கு.

டிசம்பரில் என் இறுதி வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாமாம். முன்வரிசையில் உங்களுக்கும் அண்ணனுக்கும் இடம் போடணும். வருவாரான்னு கேளுங்க. கேட்டுட்டு, நீங்களே பதில் சொல்லிடாம ஒரு மூச்சு பொறுங்க.

அவர் சொன்னதைச் சீக்கிரம் எழுதுங்க.

வாயாடி