புள்ளி தின்ற ஸ்டைல் ஷீட்

ஐப்பசி 9, புதன்.

இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. நாங்கள் செய்யும் எல்லா வலைத்தளங்களுக்கும் அடிப்படையாக, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் ஒரு சின்ன ஸ்டைல் ஷீட் எழுதும்படி, என்னோடு வேலை பார்க்கும் கதிரிடம் போன வாரம் சொன்னேன். எழுத்தளவு, வரி உயரம், ஓர இடைவெளி போதும், மற்றதை அந்தந்தத் தளத்துக்குத் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்றேன். எழுதினான். ஆங்கிலத் தலைப்புகளை வைத்து மட்டும் சரிபார்த்திருக்கிறான்.

காலையில், நாங்கள் தளம் செய்துகொடுத்த தேவகோட்டைப் பள்ளியின் தலைமையாசிரியர் போன் செய்தார்.

"என்னம்மா, பள்ளிக்கூடத்துக்கே தப்புந் தவறுமா எழுதிருக்கீக? பெத்தவுக எல்லாம் சிரிக்கிறாக."

தளத்தைத் திறந்து பார்த்தேன். 'மாணவர் சேர்க்கை' என்ற தலைப்பு 'மாணவர சேரககை' என்று நிற்கிறது. கதிர் வரி உயரத்தை அத்தனை நெருக்கமாக வைத்ததில், எழுத்தின் தலைமேல் இருந்த புள்ளிகளெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருந்தன.

"சின்னதா இருக்கணும்னு நீங்கதானக்கா சொன்னீக" என்றான் கதிர்.

"ஃபைலைச் சொன்னேன்டா, வரியவா சொன்னேன்?"

நானே உட்கார்ந்து உயரத்தைக் கூட்டினேன். புள்ளிகள் திரும்பி வந்தன. தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, எது எதை மறைத்தது என்று பொறுமையாக விளக்கினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"சரிம்மா. டைப் அடிச்ச பிள்ளைய இனிமேலாச்சும் புள்ளி வச்சு அடிக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் முழுவதையும் டைப் அடித்தவள் நான்தான். "சொல்றேன் சார்" என்று போனை வைத்தேன்.