முழு எட்டு

அனுப்புநர்:
தையல்காரரின் மனைவி,
அலுவலக உதவியாளர் பணிக்கு விண்ணப்பித்தவர்
(பதிவு எண் இணைப்பில் உள்ளது),
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு தேர்வு அலுவலர் அவர்கள்,
பணியாளர் தேர்வுப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: அலுவலக உதவியாளர் நேர்காணல் – சைக்கிள் ஓட்டும் செய்முறைத் தேர்வை நீக்கியது – பழைய அறிவிப்பின்படியே என்னை ஓட்டச் சொல்லிப் பார்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் முதல் அறிவிப்பில், நேர்காணலுக்கு வருபவர்கள் கோப்புக் கட்டைக் கேரியரில் வைத்துக்கொண்டு, தரையில் வரைந்த எட்டின் மேல் காலை ஊன்றாமல் சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கண்டிருந்தது. எழுத்துத் தேர்வில் தேறி, எனக்கு அழைப்புக் கடிதமும் வந்தது. அதன் நகலை இணைத்துள்ளேன். பிறகு யாரோ வழக்குப் போட, நேர்காணல் தள்ளிப்போயிற்று. வழக்கு முடிந்து நேற்று ஒட்டிய அறிவிப்பில், சைக்கிள் தேர்வு கிடையாது, அதற்குரிய மதிப்பெண் மோட்டார் வாகன உரிமம் வைத்திருப்பவர்களுக்கே என்று உள்ளது. என்னிடம் உரிமம் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே அது தானாக உடையவில்லை ஐயா. கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

2. அழைப்பு வந்த அன்று எனக்குச் சைக்கிளைத் தள்ளக்கூடத் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது. அவர் பால்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்து, ஈடாக அவருடைய பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பால் கேன் மாட்டும் கொக்கி இன்னும் அதில் இருக்கிறது. "ஓட்டவே தெரியாத நீங்க எனக்கு எப்படிக் கத்துக்குடுப்பீங்க?" என்று கேட்டேன். "கவுன் தைக்கிறவன் அதைப் போட்டுப் பாத்தா தைக்கிறான்? ஏறுடி" என்றார். ஏறினேன், விழுந்தேன்.

3. தினமும் கடை திறப்பதற்கு முன் எங்கள் தெருவில்தான் பயிற்சி. கழுத்தில் அளவு நாடா பறக்க, கேரியரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடி வருவார். கோப்புக் கட்டுக்குப் பதிலாக வெட்டுத் துணிகளை மூட்டை கட்டினார். கனம் போதவில்லை என்று எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் தன் உடைந்த இஸ்திரிப் பெட்டியை உள்ளே வைத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் என்னைக் கண்டதும், "அக்கா, இன்னைக்கு என் தள்ளுவண்டிய மட்டும் விட்டுடுங்க, புண்ணியமாப் போவும்" என்று கும்பிடுவார். அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இப்போதும் முட்டிதான் முதலில் வலிக்கிறது, பிறகு சிரிப்பு வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர் கடையிலும் நான் அடுப்படியிலுமாகவே இருந்தோம். இருவரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தது அப்போதுதான். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. மனுவில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

4. எட்டை அவரே அளந்து, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் தெருவில் வரைந்தார். அதன் மேல் சுற்றிச் சுற்றி வந்து நான் தேறிவிட்டதாக அவரும் இஸ்திரிக்காரரும் முடிவு கட்டினார்கள். அந்தத் தைரியத்தில் நூல்கண்டு வாங்கத் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பும்போது வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ஹேண்டில் வளைந்து கொடுக்கவில்லை. வளைத்தால் விழுவேன் என்று கை சொல்லிற்று. வேறு வழியின்றி இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி, கடைத்தெருவை முழுதாக ஒரு சுற்று சுற்றி, வியர்த்துக் கொட்ட வீடு வந்து சேர்ந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் வரைந்திருந்தது எட்டில் ஒரு வட்டம் மட்டும், அதை நான் இடப்பக்கமாகவே சுற்றிப் பழகியிருக்கிறேன். துணியை மடித்துப் போட்டுப் பாதியை வரைந்து வெட்டினால் மறு பாதி தானே வந்துவிடும், அது அவருக்குக் கைப்பழக்கம். "துணி மடிஞ்சு குடுக்கும், தெரு மடிஞ்சு குடுக்குமா?" என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறிவிட்டது. மறுநாள் மற்ற வட்டத்தையும் வரைந்தார். அதற்கு வேறு தனியாக விழுந்து எழுந்தேன்.

5. போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கால் இழுத்துக்கொண்டது. மெஷினை மிதிக்க முடியாததால் கடையை மூடிவிட்டோம். இந்த வேலை கிடைத்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அடுத்த ஆண்டு எனக்கு வயது வரம்பும் கடந்துவிடும். இன்றும் நான் தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கால ஊனாத, கால ஊனாத" என்று குரல் கொடுக்கிறார். பின்னால் ஓடி வரும் செருப்புச் சத்தம் இல்லாமல் ஓட்டப் பழகியதுதான் எட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. நேற்று அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். "அப்ப நாம கத்துக்கிட்டதெல்லாம் வீணாடி?" என்று கேட்டார். அதையே நான் தங்களிடம் கேட்கிறேன்.

6. நான் சலுகை கேட்கவில்லை. பழைய அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தவர்களைப் பழைய அறிவிப்பின்படி சோதிப்பதே நியாயம். சைக்கிளுக்கு இப்போது வேலையில்லை என்றும் சொல்ல முடியாது. நேற்று அந்த அறிவிப்பை ஒட்டிய உதவியாளரே, பசை டப்பாவை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு சைக்கிளில்தான் போனார். கண்ணால் பார்த்தேன்.

7. எனவே, ஒரு நாள் குறித்து என்னை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். கால் தரையில் பட்டால் வாய் திறக்காமல் திரும்பிவிடுகிறேன். தங்கள் முற்றத்தில் எட்டுப் போட ஆள் இல்லை என்றால் கவலை வேண்டாம், என் கணவர் வருவார். குனிய முடியாது என்பதால் கைத்தடியின் நுனியில் சாக்கட்டியைக் கட்டி வைத்திருக்கிறார். இன்று காலை வாசலில் வரைந்தும் பார்த்துவிட்டார். கோடு கொஞ்சம் நடுங்குகிறது. ஆனால் வட்டம் இரண்டும் இருக்கிறது.

தாங்கள் நாள் குறிப்பீர்கள் என்று நம்பி,

இடம்: தண்ணீர்த் தொட்டித் தெரு
நாள்: அறிவிப்பு ஒட்டிய மறுநாள், வியாழக்கிழமை

(ஒப்பம்)
தையல்காரரின் மனைவி