வாய் வைக்காத தண்ணீர்

மே 9, ஞாயிறு
விடியலிலேயே புழுக்கம். செல்வத்துடன் ஓட்டம். மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை, திரும்பல். போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். புறப்படும்போது தண்ணீர் குடிக்கவில்லை. சோம்பல்.

திரும்பும்போது அடையாறு பாலம். கால்கள் என்னுடையவை அல்ல. செ.யின் மூச்சுச் சத்தம், அவன் மாமாவின் பாத்திரக்கடைக் கதைகள், எல்லாமே எரிச்சல். நடுப்பாலத்தில் நின்று பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தான். என்னிடம் நீட்டினான்.

"குடி மாப்ள. மூஞ்சி செத்துப் போச்சு."

"நீ வாய் வெச்சதையா?"

சொன்னேன். முகமும் சுளித்திருப்பேன்.

சிரிக்கப் பார்த்தான். "சாமிக்கு எச்சி ஆகாதுல்லா." மூடியை ரொம்ப நேரம் திருகினான்.

வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர், அண்ணாந்து. காப்பி வருமுன்பே மனசு லேசு. காய்காரர் கூவுவதுகூட இனிமை. அசிங்கமாக இருந்தது. இவ்வளவுதானா நான்? ஒரு சொம்பு?

மே 11, செவ்வாய்
தனியாக. வயிறு நிறையக் குடித்துவிட்டு. அதே பாலம், அதே புழுக்கம். ஏற்றமே தெரியவில்லை. யார்மேலும் கோபமில்லை.

ஆக, அன்றைய பாரம் தாகம்தான். சரி. அந்த வார்த்தை?

வீட்டுக்கு வந்ததும் வேண்டுமென்றே சொம்பில் வாய் வைத்துக் குடித்தேன்.

அம்மா: "டேய், எச்சல்! ஆத்துல இதென்னடா புதுப் பழக்கம்?"

தாகம் எரிச்சலைத்தான் தரும். வார்த்தையைத் தராது. அது முன்பே உள்ளே இருந்தது.

மே 13, வியாழன்
தி.நகர். கடையில் செ. குடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மாமா, வாடிக்கையாளர்கள், சத்தம். சாக்கு.

"ஞாயித்துக்கிழமை வருவியா?"

"வராம? வெயில்ல நிக்காத, உள்ள வா."

போகவில்லை. அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். இடம் இருந்தது.

மே 16, ஞாயிறு
வந்தான். நான் தண்ணீர் குடிக்காமல் போயிருந்தேன். அவன் பாட்டிலை நானே கேட்டு வாங்கி வாய் வைப்பதாகத் தீர்மானம். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே ஒத்திகை பார்த்தேன்.

பாலம். நான் கேட்க வாய் திறக்குமுன் செ. நின்றான். அண்ணாந்து, பாட்டிலைக் கை எட்டும் உயரத்துக்குத் தூக்கி ஊற்றிக்கொண்டான். ஓடிய மூச்சில் அப்படிக் குடிக்க முடியாது. பாதி மூக்கில், மீதி பனியனில். கண்ணில் நீர் வர இருமினான். பாட்டிலின் வாயைத் துடைத்து நீட்டினான்.

"குடி மாப்ள. வாய் வைக்கல."