விசா கிடைத்த பிறகு

என் அக்காவுக்கு,

நாகப்பட்டினத்தில் எனக்காகக் காத்திருந்துவிட்டு நீங்கள் தனியே திரும்பிப் போனதற்கு நான்தான் காரணம். காங்கேசன்துறையிலிருந்து கப்பல் நேரத்துக்கே புறப்பட்டது. நான்தான் ஏறவில்லை. போனில் இதைச் சொன்னால், அங்கே உங்கள் பக்கத்தில் படுக்கையாய்க் கிடக்கும் அம்மாவுக்குக் கேட்டுவிடும்.

சுற்றுலா விசா, திரும்பிவரும் கப்பல் ரிக்கெற் எல்லாம் கையில் இருந்தன. துறைமுக வாசலில் இவர் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உமக்கென்ன பயம்? ஒரு கிழமைதானே, ஏழே நாள்" என்றார். நானும் சிரித்தபடிதான் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்ற ஐயாவிடம் அதிகாரி கேட்டார்: "முந்தி இந்தியாவிலை இருந்தனீங்களோ?"

"ஓம், அகதி முகாமிலை இருந்தனான்."

"அப்ப உந்தப் பக்கம் நில்லுங்கோ."

அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அதிகாரி உள்ளே போனார்.

நானும் முகாமில் வளர்ந்தவள்தானே அக்கா. அங்கே இறங்கியதும் பழைய அகதிப் பதிவைப் பார்த்து என்னைப் பிடித்து வைத்தால்? திரும்ப விடாவிட்டால்? மகளுக்கு இப்போதுதான் மூன்று வயது. கால்கள் தாமாகவே வெளியே நடந்தன. இவர் பையை வாங்கிக்கொண்டார்.

அந்த ஐயாவை வழியனுப்ப வந்த மகனை நேற்று இவர் சந்தையில் கண்டாராம். இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, ஐயாவை அதே கப்பலில் ஏற்றிவிட்டார்களாம்.

அடுத்த கப்பலுக்குப் பதிந்திருக்கிறேன். ஆனால் பயம் இன்னும் போகவில்லை. அம்மா கேட்டால், விசா இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள். நான் பயந்து நிற்பது தெரிந்தால், "வரவேண்டாம் பிள்ளை" என்று சொல்லிவிடுவா. அவ அப்படிச் சொன்னால், நான் வரவேமாட்டேன்.

உங்கள் தங்கை