மொத மண்ணு

பாப்பா,

போன்ல பேசுனா ரெண்டு பேரும் அழுதுட்டே வச்சிருவோம். அதான் எழுதி, போட்டோ புடிச்சு அனுப்புறேன். பள்ளிக்கூடத்த விட்டவன் எழுத்து, திட்டாம படி.

நேத்து எங்க பாட்டுக் குழு ஜேர்மனியில இன்னொரு சர்ச்சுல பாடுச்சு. பாட்டுக்கு முன்னாடி நல்லையா மாஸ்டர் என்னைய முன்னால நிப்பாட்டி, "இலங்கையில, பசறையில மண்ணு சரிஞ்சதுல இந்தப் பையன் குடியிருந்த தோட்டத்து லய வீடே போயிருச்சு, அம்மாவும் போயிட்டாங்க"ன்னு சொன்னாரு. ஒரு வெள்ளக்காரம்மா அத அவங்க பாஷையில சொன்னாங்க. சனமெல்லாம் அழுதுச்சு. முந்தாநாளும் இதேதான். நேத்து நான் பாட வாயத் தொறக்கல.

"என்னைய ஊருக்கு அனுப்பி விடுங்க சார்"னு கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒரே டிக்கெட்டுப்பா. கச்சேரி முடிஞ்சு சேர்ந்தே போவோம்"ங்கிறாரு. பாஸ்போர்ட்டு அவரு பையில.

மூத்த மகன் வந்துதான் மொத மண்ணு போடணும்னு தோட்டத்துத் தலைவரு அம்மாவ ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்கச் சொல்றாராமே. வேணாம். நாளைக்கே எடுத்துருங்க. நீயே போடு. பொம்பளப் புள்ள குழிக்கிட்ட வரக்கூடாதுன்னு யாராச்சும் சொன்னா, அம்மாவக் கையால தோண்டி வெளிய எடுத்தவ நீதான்னு சொல்லு.

மெதுவாப் போடு பாப்பா.

ஒன் அண்ணன்